குதிரைச் சந்தையில் உடற்கூறு வகுப்பு

பாரிஸ் காவல்துறை 1857 மே 12 அன்று செல்வி ரோசா பொனோர் என்பவருக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தது. அவர் ஆண் உடை அணியலாம். சீட்டு ஆறு மாதம் செல்லும். அந்த உடையில் நாடகக் கொட்டகைக்கோ, நடன விருந்துக்கோ, பொதுமக்கள் கூடும் வேறு இடங்களுக்கோ போகக் கூடாது. எதற்காக இந்த அனுமதி? 'உடல்நலக் காரணத்தால்' என்று போட்டிருக்கிறது.

அப்போது அவருக்கு வயது 35. குதிரைகளை ஐந்து மீட்டர் அகலத்தில் வரைந்து ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியிருந்தவர். சந்தைகளிலும் அடிமாட்டுக் கொட்டில்களிலும் நின்று வரைவதற்குக் கால்சட்டை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1800 நவம்பரில் வந்த ஆணை ஒன்றின்படி, ஆண் உடை அணிய விரும்பும் பெண் மருத்துவச் சான்றோடு காவல்துறைக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். 'என் தொழிலுக்காக' என்று ஒரு பெண் கேட்க அந்த ஆணையில் இடமே கிடையாது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் கேட்பார்கள். அந்த ஆணை இனிச் செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாக அறிவித்தது 2013-இல்தான்.

நான் ஆயில் வண்ணத்தில் காட்டுவிலங்குகளும் மனித உருவங்களும் வரைந்து பிழைப்பவள். போர்ட்ரெய்ட் வாடகை கட்டுகிறது. யானையும் வரையாடும் மனசுக்கு. பொனோரை நான் முதலில் படித்தது கலை வரலாற்று மாணவியாக அல்ல, தொழில் செய்கிறவளாக. ஒரு பெண் எங்கே உட்கார்ந்து, எதைப் பார்த்து, யாரிடம் கற்று, யார் சோறாக்கிப் போட, இவ்வளவு பெரிய கேன்வாஸை முடித்தாள் என்பதே எனக்கு முதல் கேள்வி. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

முதலில் ஓர் ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அகாடமியின் சார்பில் ஃபெலிபியன் என்பவர் 1667-இல் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தி எழுதினார். கீழ்ப்படியில் பழமும் பூவும். அதற்கு மேலே நிலக்காட்சி. அதற்கு மேலே உயிருள்ள விலங்குகள். அதற்கு மேலே மனித முகத்தை வரையும் போர்ட்ரெய்ட். உச்சியில் வரலாறும் புராணமும்: பல மனித உடல்கள் ஒரே கேன்வாஸில் போர் செய்யும், சாகும், வரம் வாங்கும் பெரிய படங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பரிசு, பதவி, அரசுப் பணம் எல்லாம் இந்த வரிசையை ஒட்டியே போயின.

உச்சிப்படிக்குப் போக உடற்கூறு தெரிய வேண்டும். உடற்கூறு தெரிய, நிர்வாண மாடலை வைத்து வரையும் வகுப்பில் வருடக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-இல். பொனோருக்கு அப்போது 75 வயது. லண்டன் ராயல் அகாடமியில் பெண்கள் மாணவிகளாக நுழைந்தது 1860-இல். உடல் வகுப்பு கிடைத்தது 1890-களில், அதுவும் மாடல் இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1880-களில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. பெண்களுக்கான சிற்ப வகுப்பு. சுற்றிலும் நீளப் பாவாடை அணிந்த மாணவிகள். நடுவில் மாடலாக நிற்பது ஒரு பசுமாடு. அங்கே ஆசிரியராக இருந்த தாமஸ் ஈகின்ஸ் 1886-இல் வேலையை இழந்தார். மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றியது அதற்கு ஒரு காரணம்.

அந்தப் பசுவைப் பற்றி லிண்டா நாக்லின் 1971-இல் எழுதினார். 'மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை?' என்று தலைப்பிலேயே கேட்ட அந்தக் கட்டுரை நம்மில் பலருக்கும் பழக்கமானது. மேதைமை பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, வகுப்பறைக் கதவு யாருக்குத் திறந்தது என்று பார்க்கச் சொன்னது அது. அதில் நாக்லின் நீளமாக எடுத்துப் பேசிய ஓவியர் ரோசா பொனோர்தான்.

பெண்களுக்கு விட்டிருந்த படிகள் நடுவில் உள்ளவை. போர்ட்ரெய்ட் அதில் ஒன்று. விஜே லெ ப்ரனும் லாபில் கியாரும் 1783-இல் ஒரே நாளில் பிரெஞ்சு அகாடமிக்குள் போனார்கள். ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அகாடமி முன்பே வரம்பு வைத்திருந்தது. இன்னொரு படி விலங்கு. விலங்குக்கு ஆடை கிடையாது. அதன் தொடையையும் தோளையும் ஒரு பெண் மணிக்கணக்காக உற்றுப் பார்த்தால் யாருடைய மானமும் போகாது.

ரோசா 1822-இல் போர்தோ நகரில் பிறந்தார். தந்தை ரைமோன் ஓவிய ஆசிரியர். செயின்ட் சைமன் இயக்கத்தைச் சேர்ந்தவர். பெண்ணும் ஆணும் சமம் என்று அந்த இயக்கம் பேசியது. ஒருவருக்கொருவர் உதவியாக இருக்க வேண்டும் என்பதை மறக்காமலிருக்க, முதுகுப்பக்கம் பொத்தான் வைத்த மேலாடையை அவர்கள் அணிந்தார்கள்; தானே பூட்டிக்கொள்ள முடியாது, இன்னொருவர் வேண்டும். 1832-இல் ரைமோன் அந்த ஆடையை அணிந்துகொண்டு பாரிஸ் ஓரத்தில் இருந்த அவர்களுடைய மடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நான்கு குழந்தைகள். தாய் சோஃபி பியானோ சொல்லிக்கொடுத்தும் துணி தைத்தும் காப்பாற்றினார். அடுத்த ஆண்டே செத்துப்போனார். ஏழைகளுக்கான பொதுக்குழியில் புதைத்தார்கள். அந்த மேலாடைப் பொத்தானை யார் பூட்டிவிட்டார்களோ, சோஃபிக்கு உதவ யாரும் வரவில்லை.

அந்தத் தாய்தான் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். படிக்க அடம்பிடித்த குழந்தையிடம், ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் விலங்கை வரையச் சொன்னாராம்.

பள்ளிக்கூடம் ரோசாவுக்கு ஒத்துவரவில்லை. தையற்காரியிடம் வேலை பழக விட்டார்கள், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் தந்தையே வரையக் கற்றுக்கொடுத்தார். அரசுப் பள்ளி மூடியிருந்த காலத்தில் தந்தையின் பட்டறை ஒன்றே கதவு. ஓவியம் கற்ற பெண்களில் பெரும்பாலோர் ஓவியர்களின் மகள்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மீதியை லூவர் அருங்காட்சியகத்தில் படி எடுத்தும், அடிமாட்டுக் கொட்டிலில் நின்றும் கற்றார். 1841-இல், 19 வயதில், சலோன் கண்காட்சியில் முதன்முதலாக வைத்த படங்களில் ஒன்று இரண்டு முயல்கள். 1849-இல் அரசு 3,000 பிராங்குக்குச் சொல்லிச் செய்வித்த படம், நிவெர்னே பகுதியில் உழவுமாடுகள் நிலத்தைக் கிழித்துக்கொண்டு போவது. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உழுகிற ஆளைவிட மாட்டுக்குத்தான் அதில் முகம் அதிகம். அதே ஆண்டு தந்தை இறந்தார். அவர் நடத்திவந்த பெண்களுக்கான இலவச ஓவியப் பள்ளியின் பொறுப்பை மகள் ஏற்று 1860 வரை நடத்தினார்.

கொட்டிலைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பில்லை. நான் ஆட்டின் தோள்பட்டையைக் கற்றது எங்கள் தெருமுனைக் கறிக்கடையில். தோலுரித்த ஆடு தொங்கும்போது முன்னங்கால் உடம்போடு எலும்பால் சேரவில்லை, தசையால்தான் கட்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நமக்கு இருப்பதுபோல் காறை எலும்பு அதற்கு இல்லை. மானும் குதிரையும் அப்படித்தான். நடக்கும்போது தோள் வழுக்கி வழுக்கி மேலே ஏறி இறங்குவது அதனால்தான். புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைகிறவர்கள் இதைத் தவறவிட்டு, காலை மேசைக்கால் மாதிரி உடம்பில் சொருகிவிடுவார்கள். கடைக்கார அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு, 'இந்தாம்மா, நல்லாப் பாத்துக்க' என்று தொடையைப் பிளந்து காட்டினார். கறி வாங்க வந்த ஆண்கள்தான் நெளிந்தார்கள்.

இப்போது அந்தக் குதிரைப் படம். பாரிஸின் குதிரைச் சந்தை சால்பெத்ரியே மருத்துவமனைக்குப் பக்கத்துச் சாலையில் கூடும். பொனோர் அங்கே ஒன்றரை ஆண்டு, வாரம் இருமுறை போய் வரைந்தார். ஆண் உடை அங்கே மறைவிடம். தரகர்களும் குதிரைக்காரர்களும் நிறைந்த கூட்டத்தில் பாவாடையோடு ஒருத்தி நின்றால், குதிரையை விட்டுவிட்டு எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். 1853 சலோனில் படம் வந்தது. உயரம் 244 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 506-க்கு மேல். பெர்ஷரோன் இனத்து வண்டிக்குதிரைகள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. ஒன்று முன்னங்கால் தூக்குகிறது. பிடித்திருப்பவன் உடம்பு முழுக்கப் பின்னால் சாய்கிறான். பார்த்தினான் கோயிலின் குதிரைச் சிற்பங்களை மனதில் வைத்துச் செய்த அமைப்பு.

ஐந்து மீட்டர் என்பது வரலாற்று ஓவியத்தின் அளவு. நெப்போலியனுக்கும் கிரேக்க வீரருக்கும் ஒதுக்கியிருந்த அளவு. மூன்றாம் படியில் இருக்கும் விலங்கை அந்த அளவில் வரைந்தபோது பொனோர் ஏணியையே கொஞ்சம் ஆட்டினார் என்பது என் வாசிப்பு. பள்ளி மறுத்த உடற்கூறு முழுக்க அந்தக் குதிரைகளின் பிட்டத்திலும் கழுத்திலும் இருக்கிறது. அவருடைய நிர்வாண மாடல் குதிரை.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தப் படத்தில் உண்டு. இடது பக்கத் தூரத்தில் ஒரு சிறிய குவிமாடம் தெரிகிறது. அது சால்பெத்ரியே, மனநோயாளி என்றும் ஆதரவற்றவர் என்றும் பெண்களை அடைத்துவைத்திருந்த இடம். சந்தைக்குப் பக்கத்தில் இருந்ததால் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் குதிரைகளைக் கயிறும் கம்புமாக அடக்கும் கூட்டத்துக்குப் பின்னால் அந்தக் குவிமாடத்தைப் பார்த்தபிறகு என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது, நடுப்பக்கத்தில் குதிரைமேல் இருக்கும், மீசை தாடி இல்லாத ஓர் உருவம். அது பொனோரே என்று கலை வரலாற்றாளர் சிலர் வாதிடுகிறார்கள். அப்படியானால் அது ஒரு தன்னுருவப் படமும்கூட.

எர்னஸ்ட் கம்பார் என்ற வணிகர் 40,000 பிராங்குக்கு அதை வாங்கினார். இங்கிலாந்து முழுவதும் சுற்றிக் காட்டினார். விக்டோரியா அரசியும் பார்த்தார். அச்சுப் படியாகவும் விற்றார். 1887-இல் வாண்டர்பில்ட் ஏலத்தில் எடுத்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது அந்தப் படம்தான். அச்சு எடுப்பவருக்காகச் சிறிய அளவில் இன்னொரு படியும் செய்யவேண்டி வந்தது. அது லண்டன் தேசிய கேலரியில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் நத்தாலி மிக்காஸ். பொனோர் மேலே வேலை செய்து முடித்தார். கையெழுத்து ஒருவருடையது. கேலரி இன்று இருவர் பெயரையும் போடுகிறது.

நத்தாலி இல்லாமல் பொனோரைப் பற்றிப் பேசக் கூடாது. சிறுவயதிலிருந்து 1889-இல் இறக்கும்வரை பொனோரோடு வாழ்ந்தவர் அவர். வீடு, கணக்கு, நோய்ப்பட்ட விலங்கு, கேன்வாஸில் கோடு மாற்றுவது எல்லாம் நத்தாலி பார்த்தார். நத்தாலியின் தாய் சமையலைப் பார்த்தார். 'கல்யாணம் செய்துகொள்ளாமல் கலைக்காக வாழ்ந்தார்' என்று பொனோரைப் பற்றி எழுதும் பழைய கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். இரண்டு பெண்கள் நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அதைக் குடும்பம் என்று சொல்ல ஒரு சொல் இல்லாதது எழுதியவர்களின் வறுமை.

1859-இல் படம் விற்ற தன் சொந்தப் பணத்தில், ஃபோன்தென்புளோ காட்டை ஒட்டிய பை என்ற இடத்தில் மாளிகை ஒன்றை பொனோர் வாங்கினார். ஆடு, மான், குதிரை, குரங்கு, பின்னாளில் சிங்கங்களும் அங்கே வளர்ந்தன. ஃபாத்மா என்ற பெண்சிங்கம் நாய்போலப் பின்னால் வருமாம். விலங்கு ஓவியரின் பெரிய கஷ்டம் மாடல் உட்காராது என்பது. போர்ட்ரெய்ட்டுக்கு வருபவர் அரை மணி நேரமாவது அசையாமல் இருப்பார். வரையாடு மூன்று நொடி நிற்கும். எனவே ஒரே தாளில் பத்து முறை தொடங்குவேன். அது மறுபடி அதே நிலைக்கு வரும்போது விட்ட கோட்டைப் பிடித்துக்கொள்வேன். கண்ணை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும். ஆட்டினத்துக்குக் கண்மணி கிடைக்கோடு, புலிக்கு வட்டம். வீட்டுப் பூனையின் செங்குத்துக் கோட்டைப் புலிக்குப் போட்டு, சட்டம் அடித்து மாட்டியிருக்கும் படங்களை எத்தனையோ ஓட்டல் வரவேற்பறைகளில் பார்த்திருக்கிறேன்.

ஆயில் இதற்கு ஏற்ற ஊடகம். ஆளிவிதை எண்ணெய் மெல்ல உலர்வதால் கன்னத்தின் வெளிச்சமும் நிழலும் ஒன்றில் ஒன்று கரைய நேரம் கிடைக்கும். விலங்கின் ரோமத்துக்கும் அதே. ரோமத்தை ஒவ்வொன்றாக வரையக் கூடாது. அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய வண்ணத்தில் உடம்பின் திரட்சியைப் போட்டு, மேலே எண்ணெய் மிகுந்த வண்ணம் ஏற்றி, ரோமம் மடங்கும் ஓரங்களில் மட்டும் பிரஷ் நுனியைக் காட்டினால் போதும். தொழிலில் உள்ள ஒரே கண்டிப்பான விதி, எண்ணெய் குறைந்தது கீழே, மிகுந்தது மேலே. மாற்றினால் சில வருடத்தில் வெடிக்கும்.

இந்த விதியைக்கூட யார் யாருக்குச் சொல்வது என்பதில் அரசியல் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் ஆயில் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் இளைஞன் ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்பது தெரிந்த கதை. ஆணுக்கே இப்படி. அதே கிளிமானூர்க் குடும்பத்தில் ரவி வர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டி ஆயிலில் வரைந்தார். அண்ணனின் உருவத்தையும் வரைந்தார். அண்ணன் வீட்டுக்குள் இருந்ததால் அவருக்குக் கதவு திறந்தது. அண்ணன் பெயர் காலண்டர்வரை வந்தது. தங்கை பெயரைக் கலைக்கல்லூரி மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி பொனோர் மாடலாக அமர்ந்த கதை. 1857-இல் எதுவார் துபுஃப் என்பவர் அவரை வரைந்தார். கை ஊன்றிக்கொள்ள ஒரு மேசையைப் போட்டிருந்தார். பொனோருக்கு அந்த மேசை பிடிக்கவில்லை. ஓவியரின் சம்மதத்தோடு, மேசை இருந்த இடத்தில் தானே ஒரு காளையை வரைந்தார். படத்தில் அவர் கை இப்போது காளையின் கழுத்தில் கிடக்கிறது. முகம் துபுஃபுடையது, காளை பொனோருடையது. ஆண் வரைந்த தன் உருவத்துக்குள் புகுந்து, தான் என்ன வேலை செய்கிறவள் என்பதைத் தன் கையாலேயே போட்டுவிட்டுப் போன பெண் வேறு யாரையும் நான் அறியேன்.

என்னிடம் போர்ட்ரெய்ட் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களுக்காக வருவார்கள். படத்திறப்புக்குள் முடிய வேண்டும். அப்பாவின் படத்துக்குக் கண்ணாடி, பேனா, நாற்காலி, பின்னால் புத்தகம் அல்லது கடை எல்லாம் சொல்வார்கள். அம்மாவுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பூ வையுங்க, தோடு நல்லாத் தெரியட்டும்' என்பார்கள். பாதிப் பேருக்கு அம்மாவின் தனிப் புகைப்படமே இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணக் குரூப் போட்டோவில், மூன்றாம் வரிசையில், பாதி முகம் மறைந்து நிற்பார். அந்தப் பாதியிலிருந்து மீதியை நான் கட்ட வேண்டும். ஒரு முறை மகள்கள் மட்டும் வந்திருந்தார்கள். அம்மா நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். பக்கத்தில் மாடு வரையட்டுமா என்று கேட்டேன். மூத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூவோடுதான் அந்தப் படம் போனது.

பொனோரை நம்முடைய தோழியாகச் சித்திரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கால்சட்டை வேலைக்கான உடை மட்டுமே என்று அடித்துச் சொன்னவர். ஆணைப்போல் தோன்றுவதற்காக உடை மாற்றும் பெண்களைக் கண்டித்தவர். போர்ட்ரெய்ட்டுக்குப் பாவாடையில் அமர்ந்தவர். அரசியலில் பழமைவாதி, வேட்டையும் ஆடியவர். 1865-இல் பேரரசி யூஜீனி நேரில் வந்து லெஜியன் தொனர் விருதைக் குத்திவிட்டபோது, அதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் ஆனார். அரசவைகளோடு அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அவர் இறந்தபிறகு நடந்தது அவருடைய குணத்தால் நடந்ததல்ல. புதிய ஓவிய இயக்கங்களின் வரலாற்றை எழுதியவர்கள் அவரை 'விலங்கு வரைகிறவர்' என்று ஓரமாக வைத்தார்கள். கீழ்ப்படியில் மட்டும் நிற்கலாம் என்று சொன்ன அதே உலகம், கீழ்ப்படியில் நின்றதற்காக அவரைக் குறைத்தது. பிறந்த 200-ஆம் ஆண்டான 2022-இல்தான் போர்தோவிலும் ஓர்சேயிலும் பெரிய கண்காட்சி வைத்தார்கள்.

கடைசிப் போர்ட்ரெய்ட்டை வரைந்தவர் ஒரு பெண். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அன்னா கிளம்ப்கி 1898-இல் பை மாளிகைக்கு வந்தார். பாரிஸில் படித்தவர், சகோதரிகளில் ஒருவர் வானியலாளர், ஒருவர் நரம்பியல் மருத்துவர். நரைத்த தலை, மார்பில் விருதுச் சின்னம், பக்கத்தில் குதிரைகள் உள்ள படம் என்று பொனோரை அவர் தொழிலோடு சேர்த்தே வரைந்தார். மேசை இல்லை. அந்தப் படமும் இப்போது மெட்ரோபாலிட்டனில், 'குதிரைச் சந்தை' இருக்கும் அதே அருங்காட்சியகத்தில்.

படம் முடிந்தபிறகும் அன்னா அங்கேயே தங்கினார். 1899 மே 25 அன்று பொனோர் இறந்தார். சொத்து முழுவதையும் அன்னாவுக்கு எழுதியிருந்தார். குடும்பத்தார் எதிர்த்தார்கள். 1900-இல் ஓவியங்களை ஏலம் விட்டு, வந்த பணத்தில் பாதியை அன்னா அவர்களுக்குக் கொடுத்தார். பொனோர் சொல்லச் சொல்லக் குறித்து வைத்திருந்ததைக் கொண்டு 1908-இல் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். அன்னா 1942-இல் இறந்தார். சாம்பல் 1948-இல் பாரிஸுக்கு வந்து, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் ரோசாவுக்கும் நத்தாலிக்கும் பக்கத்தில் சேர்ந்தது. அந்தக் கல்லறை மிக்காஸ் குடும்பத்துக்குச் சொந்தமானது.